கம்பளி போர்த்திய பால்

கம்பளியை அவிழ்த்ததும் வாளியிலிருந்து ஆவி எழுந்தது. அந்த வாசனை இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. ஈரக் கம்பளியும் பசும்பாலும் கொஞ்சம் சாணியும் கலந்த வாசனை.

இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைக் கடைவீதியின் கோடியில் பால் நிலையம். விடிந்தும் விடியாத பொழுது. ஆடிக் காற்றில் மழை சாய்ந்தடிக்கிறது. தகரக் கூரையின் கீழ் தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் வாளிகளோடு ஒண்டி நிற்கிறார்கள். எல்லார் தலையிலும் முதுகிலும் கம்பளி. கொழுந்து பறிக்கும்போது மழைக்குப் போர்த்திக்கொள்கிற அதே முரட்டுக் கறுப்புக் கம்பளிதான். காமாட்சி மட்டும் தலையிலிருந்து கால்வரை நனைந்து நின்றார். அவருடைய கம்பளி தூக்குவாளியைச் சுற்றியிருந்தது.

பாலை நீளக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி லாக்டோமீட்டரை உள்ளே விட்டேன். அடியில் ஈயக்குண்டு வைத்த கண்ணாடிக் குச்சி அது. நல்ல பாலில் நிமிர்ந்து மிதக்கும். தண்ணீர் கலந்த பாலில் அமிழும். குச்சியில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. அந்தக் கோடு பாலுக்குள் முழுகிவிட்டால் பாலை எடுக்கக் கூடாது. சனங்கள் அதைக் 'கண்ணாடி' என்றுதான் சொல்வார்கள்.

கோடு முழுகியது.

"தண்ணி" என்றேன்.

"சாமி சத்தியமா ஒரு சொட்டுத் தண்ணி படலீங்க ஐயா."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. கண்ணாடி வேற சொல்லுதே!"

அவர் சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. வாளியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்டார்:

"தண்ணி ஊத்தியிருந்தா பாலு இம்புட்டுச் சூடா இருக்குமாங்க ஐயா?"

எவ்வளவு நியாயமான கேள்வி! அதைக் காதில் வாங்கி ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்த வாரம் உங்களுக்கு எழுத எனக்கு ஒன்றுமே இருந்திருக்காது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. மூளை எழுந்திருப்பதற்குள் வாய் வேலையை முடித்துவிடும்.

"அப்ப சுடுதண்ணி ஊத்தியிருப்பே" என்றேன்.

கூரைக்குக் கீழே நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு ஒரே குஷி. காமாட்சியின் பால் கணக்கு அட்டையில் சிவப்பு மையால் 'தண்ணீர்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாளியை மறுபடி கம்பளியால் சுற்றி எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். பெரட்டுக் களத்தில் பேர் கொடுக்கப் பிந்தினால் அன்றைக்கு வேலை கிடையாது, அதனால் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

என் தாய் வயதிருக்கும் அவருக்கு. அன்று நான் 'நீ' என்றேன். இன்று 'அவர்' என்று எழுதுகிறேன். அந்த இரண்டு வார்த்தைகளுக்கும் நடுவில் நடந்ததுதான் இந்த வாரக் கதை.

சீப்பு வைத்த பெட்டி

போன வாரம் என் பள்ளிக்கூடப் பராக்கிரமங்களை எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், 'உங்களைப் பற்றி நீங்களே இவ்வளவு மெச்சிக்கொள்ள வேண்டுமா?' என்று கடிதம் போட்டிருக்கிறார். ஐயா, இந்த வாரம் உங்களுக்கு நிச்சயம் திருப்தியாக இருக்கும்.

ஹட்டனில் படிப்பை முடித்துவிட்டு, ஸ்டேஷனில் ரயில் வருவதையும் போவதையும் பார்ப்பதை ஒரு தொழிலாகவே செய்துகொண்டிருந்தேன். அந்தக் காலத்தில்தான் கொழும்புக் கம்பெனி ஒன்று பொகவந்தலாவையில் பால் சேகரிக்கும் நிலையம் திறந்தது. தமிழ் தெரிந்து, சிங்களமும் பேசி, கொஞ்சம் இங்கிலீசும் எழுதக்கூடிய ஆள் வேண்டும் என்றார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீசு சரியாக அந்தக் 'கொஞ்சம்' அளவுக்கு இருந்தது.

இரண்டு நாள் பயிற்சி. ஒரு மரப் பெட்டி கொடுத்தார்கள். உள்ளே நீல வெல்வெட்டுத் துணி. அதில் இரண்டு பள்ளங்கள். ஒன்றில் லாக்டோமீட்டர் படுத்திருந்தது. மற்றது காலி.

"இதுல என்ன சார் இருக்கணும்?" என்று பயிற்சி கொடுத்தவரிடம் கேட்டேன்.

"தெர்மோமீட்டர். அது கொழும்பு வெயிலுக்குத்தான். உங்க ஊர்க் குளிருக்கு எதுக்கு?" என்றார்.

ஏன் என்று இன்னொரு கேள்வி கேட்கவில்லை. காலியாக இருந்த பள்ளம் அளவெடுத்துச் செய்ததுபோல் என் சீப்புக்குப் பொருந்தியது. அன்றிலிருந்து லாக்டோமீட்டரும் சீப்பும் பக்கத்துப் பக்கத்தில் குடித்தனம் நடத்தின. பால் எடுத்து முடிந்ததும் தலை வாரிக்கொள்வேன். சிரிக்காதீர்கள், அப்போது எனக்கு வாருவதற்கு முடி இருந்தது.

வட்டி இல்லாத கடன்

அந்தச் சமயத்தில் தோட்டங்களில் மாட்டுப் பைத்தியம் பிடித்திருந்தது. லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் நாலு கம்பு நட்டு, தகரமோ மாணாப் புல்லோ வேய்ந்தால் தொழுவம். வேலை முடிந்து வரும்போது தலையில் ஒரு புல்லுக்கட்டு. பால் நல்ல விலைக்குப் போனது. கடைவீதியில் தேநீர் விற்கும் தேத்தண்ணிக் கடைகளுக்குப் பால் வேண்டும், பங்களாக்களுக்குப் பால் வேண்டும், மிஞ்சியதைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும்.

மாடு வாங்கப் பணம்? நாட்டில் பிரஜாவுரிமையே இல்லாத சனங்களுக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? காதர் நானா கொடுத்தார்.

நானாவுக்குக் கடைவீதியின் நடுவில் பலசரக்குக் கடை. அதை ஒட்டியே ஒரு தேத்தண்ணிக் கடை. வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட சாரம், எந்நேரமும் காதில் செருகிய பென்சில். யாராவது மாடு வேண்டும் என்று கேட்டால் அவரே கூடப் போவார். மாட்டின் மடியைத் தொட்டுப் பார்ப்பார், பல்லைப் பிடித்துப் பார்ப்பார், விலை பேசிப் பணத்தை எண்ணிக் கொடுப்பார்.

வட்டி கிடையாது. அவருடைய மார்க்கத்தில் அது ஆகாது. அதற்குப் பதில் மாடு கறக்கும்வரை அந்திப் பால் அவருடைய தேத்தண்ணிக் கடைக்கு, கொஞ்சம் இறக்கமான விலையில். காலைப் பால் கம்பெனிக்கு. கம்பெனிக் காசிலிருந்து மாதாமாதம் மாட்டின் கடன் கழியும்.

"அந்திப் பாலுதானே நானா வட்டி?" என்று ஒருமுறை சீண்டினேன்.

"அது வட்டி இல்ல தம்பி, பாலு" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

காமாட்சிக்கும் அப்படித்தான் ஒரு செவலைப் பசு வந்தது. அவருடைய புருஷன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து, தூசியில் நெஞ்சு கெட்டு வீட்டோடு இருந்தார். மாடு வந்த நாளிலிருந்து காமாட்சியின் காலைப் பால் நேரே தோட்டத்து உதவி மானேஜரான சின்ன தொரையின் பங்களாவுக்குப் போனது. அங்கே ஒரு சின்னக் குழந்தை. பால் ஆறிப்போயிருந்தால் பங்களாச் சமையல்காரர் வாளியைத் தள்ளிவிடுவார். அதனால் காமாட்சி தம் கம்பளியை வாளிக்குப் போர்த்திக் கொண்டுபோகப் பழகினார். மழையோ பனியோ, போர்வை பாலுக்குத்தான். நல்ல பால் என்றால் கறந்த சூட்டோடு போய்ச் சேர வேண்டும் என்பது அவருக்குப் படிந்துபோன பழக்கம்.

டின் வந்தது

பால் விலை ஒரே நாளில் விழவில்லை. மெல்ல மெல்ல, படி இறங்குவதுபோல் இறங்கியது.

முதலில் கடைகளில் டின்பால் மலிந்தது. பிறகு பால்மா, அதாவது பால் பவுடர். டின்னை உடைத்து வைத்தாலும் கெடாது, திரியாது, விடியற்காலையில் எழுந்து கறக்கவும் வேண்டாம். தேத்தண்ணிக் கடைகள் ஒவ்வொன்றாக டின்னுக்கு மாறின. சின்ன தொரை பங்களாக் குழந்தையும் பால்மாவுக்கு மாறியது. "நாளையில இருந்து பாலு வேணாம்" என்று சமையல்காரர் கதவைச் சாத்திய மறுநாள்தான் காமாட்சி முதன்முதலாக என் நிலையத்துக்கு வாளியோடு வந்தார்.

எல்லாருடைய பாலும் இப்படி ஒரே இடத்துக்கு வந்தால் கம்பெனி சும்மா இருக்குமா? விலையைக் குறைத்தது. பிறகு மறுபடி குறைத்தது. அதற்குப் பிறகு கொழும்பிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. சோதனையைக் கடுமையாக்கவும், மூன்று தடவை தண்ணீர் கண்டவரின் அட்டையை வெட்டிவிடவும் என்று.

பாலைக் குறைக்க வழி தேடுகிறார்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அட்டையை வெட்டுகிற அதிகாரம் கைக்கு வந்ததே! சிவப்பு மைப் புட்டி ஒன்று புதிதாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

இதில் அதிகம் மாட்டிக்கொண்டவர் காதர் நானா. யோசித்துப் பாருங்கள். அவருடைய பலசரக்குக் கடையில் முன்வரிசையில் அடுக்கியிருந்தது டின்பால். அவர் கடன் கொடுத்து நின்றது ஏழு மாடுகள். ஒரு கையால் விற்றது மறுகையால் கொடுத்ததைத் தின்றது. டின் எல்லாம் ஹட்டன் மொத்த வியாபாரியிடம் கடனுக்கு எடுத்த சரக்கு. மாட்டுக் கடன் திரும்பி வந்தால்தான் சரக்குக் கடனை அடைக்க முடியும். பால் விலை விழுந்ததும் மாட்டுக் கடன் வருவது நின்றது.

மொத்த வியாபாரியின் ஆள் ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வந்து கடை வாசலில் உட்கார்ந்தார். கூடவே ஓர் இறைச்சிக் கடைக்காரரும் வந்தார்.

"எல்லாரும் மாட்ட விக்கிறாங்க நானா. இன்னும் ரெண்டு மாசம் போனா இந்த விலையும் வராது. மொதல்ல தண்ணி கலக்கிற ஆளுங்க மாட்ட எடுத்துக் குடுங்க. அதுங்க எப்படியும் கட்டப்போறதில்ல" என்றார் வியாபாரியின் ஆள்.

அவருக்குத் தண்ணீர் கலக்கிற ஆள் யார் என்று எப்படித் தெரியும்? கடன் கணக்குக்காக மாதக் கடைசியில் பால் அட்டைகள் நானாவின் கடைக்குத்தான் வரும், அவற்றைப் பார்த்தால் தெரியும். சிவப்பு மையில் என் கையெழுத்து கொட்டை கொட்டையாக இருந்தது.

இரண்டாவது சிவப்பு

எல்லார் பாலையும் தினமும் சோதிக்க முடியாது, ஆளுக்கு எப்போதாவது ஒரு நாள்தான் முறை வரும். காமாட்சிக்கு இரண்டாவது முறை வந்தபோதும் கோடு முழுகியது. அதே மழை, அதே கம்பளி, அதே ஆவி.

இந்தத் தடவை நான் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. வரிசையில் நின்ற ஒருத்தி, "சுடுதண்ணி காமாச்சி வந்திருக்கு, வழி விடுங்கடி" என்றாள். என் வாயிலிருந்து விழுந்த வேடிக்கை அவருக்குப் பெயராகவே ஒட்டிக்கொண்டிருந்தது. லயத்துப் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன்.

அன்று மத்தியானம் நானா குடையை மடக்கிக்கொண்டு நிலையத்துக்குள் வந்தார்.

"தம்பி, காமாச்சி தண்ணி கலக்குற பொம்புள இல்ல."

"எனக்கு மட்டும் ஆசையா நானா? கண்ணாடி சொல்லுது, நான் எழுதுறேன்."

"இன்னொரு தடவ எழுதினா அட்டைய வெட்டிருவீங்க. அட்டை போனா மாட்ட நான் எடுக்கணும். எடுத்துக் குடுத்தாலும் இன்னக்கி விக்கிற விலைக்குப் பாதிக் கடன்கூடக் கழியாது. மாடும் போய், கடனும் நிக்கும் அவளுக்கு. தெரியுமா?"

"அதுக்கு நான் என்ன செய்ய?"

நானா காதிலிருந்து பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் செருகிக்கொண்டார்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். வர்ற ஞாயித்துக்கெழம பால நான் கொண்டாறேன்."

ஞாயிற்றுக்கிழமை

கொண்டுவந்தார். கடைவீதியில் நாலு பேர் எழுந்து நின்று மரியாதை கொடுக்கிற மனிதர், பொழுது விடியுமுன் சேற்றுப் பாதையில் லயத்துக்கு ஏறியிருக்கிறார். தொழுவத்தில் குந்தியிருந்து காமாட்சி கறப்பதைப் பார்த்திருக்கிறார். பால் நிறைந்ததும் வாளியைத் தாமே வாங்கி, காமாட்சி எப்போதும் செய்வதுபோலக் கம்பளியைச் சுற்றி, குடையை வாளிக்கு மேல் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். பின்னால் காமாட்சி. சாரம் முழங்கால்வரை சேறு. தொப்பி நனைந்து நெற்றியில் வழிந்தது.

நிலையத்தில் வரிசை முடிந்து எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். பால் ஏற்றிப்போகும் லொறி இன்னும் வரவில்லை. அடைமழையில் எங்கேயோ மண் சரிந்திருக்கும்.

குவளையில் ஊற்றினேன். கண்ணாடியை விட்டேன். கோடு முழுகியது.

"தண்ணி" என்றேன்.

"என் கையால கொண்டாந்த பாலு" என்றார் நானா. "மடியில இருந்து வாளிக்கு, வாளியில இருந்து உங்க மேசைக்கு. இப்ப தண்ணி கலந்தது நான்தான்னு எழுதுங்க. அந்த அட்டையில என் பேர எழுதுங்க!"

நானும் விடவில்லை. கம்பெனி விதியைச் சொன்னேன். அவர் அல்லாஹ்வின் பேரைச் சொன்னார். நான் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். அவர் செவலை மாட்டுக்கு வைக்கும் தவிட்டிலிருந்து புல்வரை கணக்குச் சொன்னார். மழை தகரத்தில் கொட்டியதால் இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தோம். இதற்கு நடுவிலேயே மூன்றாவது சிவப்பையும் எழுதிவிட்டேன். காமாட்சி சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, நான் எழுதிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். லொறி வருவதாகக் காணோம்.

ஒரு மணி நேரமாவது கத்தியிருப்போம். கடைசியில், "நீங்களே வந்து பாருங்க நானா, எவ்வளவு முழுகியிருக்குன்னு!" என்று குவளைப் பக்கம் கையை நீட்டினேன்.

கோடு பாலுக்கு மேலே நின்றது.

யாரும் தொடவில்லை. அதே பால், அதே குவளை, அதே கண்ணாடி. சிவப்புக் கோடு ஒரு விரல்கடை மேலே வந்து நிமிர்ந்து நிற்கிறது.

வாளியைப் பார்த்தேன். கம்பளிக்குள் இருந்த பால் இன்னும் சூடாக இருந்தது. அதிலிருந்து இன்னொரு குவளை எடுத்துக் கண்ணாடியை விட்டேன். முழுகியது. குவளையைக் கொண்டுபோய் வாசலில் மழைத் தண்ணீர் நிரம்பிய வாளிக்குள் வைத்தேன். மூன்று பேரும் சுற்றி நின்று பார்த்தோம். பால் ஆற ஆறக் கோடு மெல்ல மேலே வந்தது.

சூடான பால் இலேசு, ஆறின பால் கனம். இவ்வளவுதான் விஷயம். மற்றவர்கள் கம்பளியைத் தாங்கள் போர்த்திக்கொண்டு வந்தார்கள். அவர்களுடைய பால் குளிரில் ஆறி வந்தது, தேறியது. ஒரு சொட்டுக் கலக்காதவர், பாலுக்குப் போர்த்தியவர், என் கண்ணாடிக்குக் கள்ளியாகிவிட்டார். சூட்டைக் கணக்குப் பார்க்கத்தான் அந்தப் பெட்டியில் தெர்மோமீட்டர் இருந்திருக்க வேண்டும். நான் அங்கே சீப்பு வைத்திருந்தேன்.

தட்டுத் தடுமாறி விளக்கிச் சொன்னேன். நானா தலையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். காமாட்சி முழுவதையும் கேட்டார். பிறகு ஈரம் சொட்டுகிற முந்தானையைப் பிழிந்துகொண்டே கேட்டார்:

"அப்ப இத்தன நாளு நான் நனைஞ்சது வீணுங்களா ஐயா?"

அட்டையை மறுபடி என் முன்னால் இழுத்தேன்.

பேனாவை எடுத்தேன். மூன்று சிவப்புகளையும் அடித்துவிட்டு, அதே சிவப்பு மையால், 'மூன்று முறையும் சோதித்தவரின் பிழை. தண்ணீர் இல்லை. இது நல்ல பால்' என்று எழுதி, முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்து வைத்தேன். அட்டையை நானாவிடம் நீட்டினேன், காமாட்சிக்குப் படித்துக் காட்டத் தோன்றவில்லை.

நானா எடுத்த முடிவு

கொழும்பிலிருந்து அதிகாரி வந்ததும் இரண்டு குவளை வைத்து அவருக்கும் காட்டினேன். பார்த்தார். "அட்டைய வெட்ட வேணாம். ஆனா இத வெளிய சொல்லாதீங்க. அட்டை வெட்டுப்பட்டவங்க அத்தன பேரும் கெளம்பி வந்துருவாங்க" என்றார்.

நான் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். அட்டையில் எழுதிவிட்டேனே, அது போதாதா என்று மனதுக்கு மருந்து போட்டுக்கொண்டேன். லயத்தில் அவர் சுடுதண்ணி காமாச்சியாகவே இருந்தார்.

அந்த வேலைதான் நிலைத்ததா? சில மாதங்களில் கம்பெனி நிலையத்தையே மூடிவிட்டது. நல்ல பால், கெட்ட பால் எல்லாம் ஒன்றாகத் தெருவுக்கு வந்தது. மரப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது சீப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மொத்த வியாபாரியின் ஆள் மறுபடி வந்தார். இந்தத் தடவை மாடு ஏற்ற லொறியோடு வந்தார். ஏழு மாடுகளையும் ஏற்றினால் நானாவின் கடனில் பெரும் பங்கு அன்றைக்கே தீரும். வியாபாரி என்ற முறையில் அவர் அதைச் செய்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கடைவீதியே கூடி வேடிக்கை பார்த்தது.

நானா கடன் கணக்குக் கொப்பியோடு வைத்திருந்த காமாட்சியின் அட்டையை எடுத்து அந்த ஆளிடம் நீட்டினார்.

"இதப் படிங்க. தண்ணி கலக்குற ஆளுன்னு சொன்னீங்களே. நானும் மாட்டெறச்சி சாப்பிடுறவன்தான், அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா கறந்துக்கிட்டு நிக்கிற மாட்ட, அதப் புள்ளயாட்டம் பாக்குறவ கையில இருந்து அவுத்து, அறுக்கக் குடுக்க மாட்டேன். என்கிட்ட வேற என்ன இருக்குன்னு பாருங்க."

இருந்தது பலசரக்குக் கடை. அதைச் சரக்கோடு, அலமாரியோடு, முன்வரிசை டின்னோடு வியாபாரிக்கு எழுதிக் கொடுத்தார். தேத்தண்ணிக் கடையை மட்டும் வைத்துக்கொண்டார். நாலு பேர் எழுந்து நின்று மரியாதை கொடுத்த மனிதர், தாமே தேத்தண்ணி ஆற்றி மேசைக்கு மேசை கொண்டுபோய் வைத்தார். அதைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரோ, "என்ன தம்பி, சீனி போதாதா?" என்றார்.

ஏழு மாட்டின் பாலையும் அவரே எடுத்தார். டின்பால் தேத்தண்ணி ஊரெல்லாம் கிடைக்கும்போது, அசல் பசும்பால் தேத்தண்ணி அவரிடம் மட்டும் கிடைத்தது. பஸ் டிரைவர்கள் மெனக்கெட்டு இறங்கிக் குடித்தார்கள். மிஞ்சிய பாலைச் சட்டிகளில் தயிராக உறைய வைத்தார். அந்தத் தயிரைக் காலை பஸ்ஸில் ஹட்டனுக்கு ஏற்றிப்போய் விற்றுவரும் வேலையை எனக்குக் கொடுத்தார். ஆம், அந்த மனிதர் என்னையும் கைவிடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து சொன்னதும் இல்லை.

தேத்தண்ணிக்குச் சூடான பால்தானே வேண்டும்? காமாட்சியின் வாளி இரண்டு வேளையும் கம்பளி போர்த்தி வந்தது. "ஒங்க மேல போட்டுக்கிட்டு வாங்கம்மா, இங்க காய்ச்சத்தானே போறோம்" என்று சொல்லிப் பார்த்தேன். "ஆறுன பாலக் குடுத்துப் பழக்கமில்லீங்க ஐயா" என்பார். எத்தனையோ மழைக்காலம் அப்படி நனைந்து வந்தார். செவலை இரண்டு முறை கன்று போட்டது. ஒரு நாளும் அவர் தவணை தப்பவில்லை.

இன்னொரு வாட்டி

கடன் தீர்ந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சம்பளம் போட்ட மறுநாள் என்பதால் தேத்தண்ணிக் கடையில் உட்கார இடமில்லை. பாதிப்பேர் காமாட்சியின் தோட்டத்துச் சனங்கள். பழைய பால் வரிசையில் நின்ற முகங்கள் நிறைய இருந்தன.

நானா கொப்பியைத் திறந்து காமாட்சியின் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டார். பிறகு அந்தப் பக்கத்தில் குண்டூசியால் குத்தி வைத்திருந்த பழைய பால் அட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

"முடிஞ்சிருச்சி. இனி மாடு ஒன்னோடது" என்றார்.

காமாட்சி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. சிவப்பாக ஏதோ எழுதியிருப்பது மட்டும் தெரிந்தது. மேசையில் தயிர்க்கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் வந்தார்.

"ஐயா, இதுல என்னமோ செவப்பா இருக்கே. தண்ணின்னா எழுதியிருக்கு?"

"இல்லம்மா. அத அன்னைக்கே அடிச்சிட்டேன். கீழ வேற எழுதியிருக்கு."

"என்ன எழுதியிருக்கு?"

குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் படித்தேன். "மூன்று முறையும் சோதித்தவரின் பிழை. தண்ணீர் இல்லை. இது நல்ல பால்."

"யாரு எழுதினது?"

"நான்தாம்மா."

அவர் திரும்பிக் கடையைப் பார்த்தார். ஒவ்வொரு மேசையாகப் பார்த்தார். வாளியிலிருந்து அவிழ்த்த கம்பளி அவருடைய கையில் இருந்தது. அதை உதறி, தம் தோளில் போர்த்திக்கொண்டார்.

"இன்னொரு வாட்டி படிங்க ஐயா" என்றார்.

நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். அன்றைக்குச் 'சுடுதண்ணி' என்று சொன்னபோது கூரைக்குக் கீழே எவ்வளவு தூரம் கேட்டதோ, அவ்வளவு தூரம் கேட்கும்படி படித்தேன்.